புறவெளி மாற்றியங்கள்: இனங்காணலும் பெயரிடலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் என் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்கும் பி.எஸ்சி. வேதியியல் மாணவர்களுக்கும் பாடம் சொல்லி வருகிறேன். ஆண்டுதோறும் முகங்கள் மாறினாலும் இந்தப் பாடத்தில் எழும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை மாணவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதி, விடைகளைக் கீழே தந்திருக்கிறேன். முன்பு சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லாமல் சுட்டிக்காட்டியிருப்பதால், முதல்முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

சார், மாற்றியம்னா வாய்பாடு ஒண்ணு, அமைப்பு வேறன்னு படிச்சோம். இதுல புறவெளி மாற்றியம்னு தனியா எதுக்கு?

புரோப்பேன்-1-ஆல், புரோப்பேன்-2-ஆல் இரண்டிலும் எந்த அணு எதனோடு பிணைந்திருக்கிறது என்பதே வேறுபடுகிறது. அவை அமைப்பு மாற்றியங்கள். புறவெளி மாற்றியங்களில் பிணைப்பு வரிசை முழுவதும் ஒன்றே. அந்த அணுக்கள் வெளியில் எந்தத் திசையை நோக்கி நிற்கின்றன என்பது மட்டும் வேறு. மெலியிக் அமிலத்திலும் ஃபியூமரிக் அமிலத்திலும் இரட்டைப் பிணைப்பின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கார்பாக்சில் தொகுதி உண்டு. முன்னதில் அவை ஒரே பக்கத்திலும் பின்னதில் எதிரெதிர்ப் பக்கங்களிலும் உள்ளன. இந்த ஒரு வேறுபாட்டால் மெலியிக் அமிலம் ஏறத்தாழ 135 டிகிரி செல்சியஸில் உருக, ஃபியூமரிக் அமிலமோ 287 டிகிரி வரை தாங்குகிறது.

தாளில் எழுதும் கட்டமைப்பு வாய்பாடு தட்டையானது, மூலக்கூறு தட்டையானதல்ல. கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் முனைகளை நோக்கி நிற்கின்றன என்று வான்ட் ஹாஃப், லே பெல் இருவரும் 1874-இல் தனித்தனியே முன்வைத்தபோதுதான் இந்தத் துறை தொடங்கியது. இந்தப் பாடத்தில் நான் காணும் பிழைகளில் பெரும்பாலானவை, படத்தையே மூலக்கூறு என்று எண்ணிவிடுவதால் வருபவை.

ஒரு மூலக்கூறு கைரலா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தன் கண்ணாடிப் பிம்பத்தின்மேல் முழுமையாகப் பொருந்தாத எதுவும் கைரல். வலது கால் செருப்பு இடது காலுக்குப் பொருந்தாதது போல. தமிழ் எழுத்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ப' என்ற எழுத்தைக் கண்ணாடியில் காட்டினால் அதே 'ப'தான் தெரியும். 'ட' அப்படியல்ல, அதன் பிம்பத்தைத் தாளின்மேல் எவ்வளவு சுழற்றினாலும் மூல எழுத்தின்மேல் பொருத்த முடியாது. இப்போது அந்த 'ட'வை அட்டையில் வெட்டியெடுத்து மேசையிலிருந்து தூக்கிப் புரட்டிப் போடுங்கள். பிம்பத்தின்மேல் அது அப்படியே பொருந்திவிடும். தட்டையான எந்தப் பொருளும் முப்பரிமாண வெளியில் கைரலாக இருக்க முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும். இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பனும் அதன் மூன்று தொகுதிகளும் ஒரே தளத்தில் கிடப்பதால்தான் அந்தக் கார்பனை நாம் கைரல் மையமாக எண்ணுவதில்லை.

பாடப்புத்தகம் தரும் குறுக்குவழி, நான்கு வெவ்வேறு தொகுதிகளைத் தாங்கிய கார்பனை, அதாவது கைரல் மையத்தை, தேடுவது. அப்படி ஒரே ஒரு கார்பன் மட்டும் இருந்தால் மூலக்கூறு உறுதியாகக் கைரல். ஒன்றுக்கு மேல் இருந்தால் மீசோ பற்றிய விடையையும், ஒன்றுகூட இல்லாவிட்டால் அல்லீன் பற்றிய விடையையும் கீழே பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

பக்கத்துல இருக்கிற அணு எல்லாமே கார்பன்தானே, அப்புறம் எப்படி நாலும் வேற வேறன்னு சொல்றீங்க?

ஒப்பிட வேண்டியது பக்கத்து அணுவை மட்டும் அல்ல, தொகுதி முழுவதையும். 3-மெத்தில்ஹெக்சேனின் மூன்றாம் கார்பனில் ஹைட்ரஜன், மெத்தில், எத்தில், புரோப்பைல் என நான்கு தனித்தனித் தொகுதிகள் உள்ளன. அவற்றில் மூன்று கார்பனில் தொடங்கினாலும் அது கைரல் மையமே.

வளையச் சேர்மங்களில் அந்தக் கார்பனிலிருந்து வளையத்தின் வழியே இருபுறமும் நடந்து பாருங்கள். 4-மெத்தில்சைக்ளோஹெக்சனோனில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரே தொலைவில் கார்பனைல் வருவதால் நான்காம் கார்பன் கைரல் மையமல்ல. 3-மெத்தில்சைக்ளோஹெக்சனோனில் ஒரு பக்கம் கார்பனைல் அருகிலும் மறுபக்கம் தொலைவிலும் இருப்பதால் மூன்றாம் கார்பன் கைரல் மையம்.

ஆர், எஸ் பெயர் வைக்கிறதை ஒரு தடவை முழுசா சொல்லுங்க சார்.

ஒரு கைரல் மையத்தின் இரு கண்ணாடிப் பிம்ப அமைப்புகளையும் ஆர், எஸ் என்று பிரித்துப் பெயரிட, கான், இங்கோல்டு, பிரெலாக் ஆகிய மூவரும் வகுத்த விதிகளே இன்றுவரை பயன்படுகின்றன. முதலில் கைரல் கார்பனோடு நேரடியாகப் பிணைந்த அணுக்களை அணு எண்ணின்படி வரிசைப்படுத்த வேண்டும். அணு எண் கூடியது முன்னுரிமை பெறும். சமன் வந்தால் அந்த அணுக்களோடு அடுத்துப் பிணைந்தவற்றை ஒப்பிட வேண்டும். இரட்டைப் பிணைப்பில் உள்ள அணுவை இருமுறையும் முப்பிணைப்பில் உள்ளதை மும்முறையும் பிணைந்ததாகக் கணக்கிட வேண்டும். வரிசை முடிந்ததும், கடைசி இடம் பெற்ற தொகுதி நம்மைவிட்டு விலகி நிற்கும்படி மூலக்கூறைப் பிடித்து, முதல் தொகுதியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று விரலை நகர்த்த வேண்டும். கடிகார முள் சுற்றும் திசையில் சென்றால் ஆர், எதிர்த்திசையில் சென்றால் எஸ். வலம், இடம் என்று பொருள்படும் லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் இவை.

லாக்டிக் அமிலத்தில் செய்து பார்ப்போம். நடுக்கார்பனில் ஹைட்ராக்சில், கார்பாக்சில், மெத்தில், ஹைட்ரஜன் ஆகியவை உள்ளன. ஆக்சிஜனின் அணு எண் 8 என்பதால் ஹைட்ராக்சிலுக்கு முதலிடம். அணு எண் 1 உடைய ஹைட்ரஜனுக்குக் கடைசி இடம். மற்ற இரண்டும் கார்பனில் தொடங்குவதால் அடுத்த சுற்றுக்குப் போகிறோம். கார்பாக்சில் கார்பனோடு ஆக்சிஜன், ஆக்சிஜன், ஆக்சிஜன். மெத்தில் கார்பனோடு மூன்று ஹைட்ரஜன்கள். ஆகவே கார்பாக்சில் இரண்டாவது, மெத்தில் மூன்றாவது. நம் தசைகளில் உண்டாகும் லாக்டிக் அமிலத்தை இந்த வரிசைப்படி நோக்கினால் விரல் எதிர்த்திசையில் செல்கிறது. அது எஸ்-லாக்டிக் அமிலம். தயிரிலோ, உறையூட்டிய நுண்ணுயிர் எது என்பதைப் பொறுத்து எஸ், ஆர் அல்லது இரண்டும் கலந்து இருக்கும்.

மூலக்கூறு மாதிரிப் பெட்டி இல்லாதவர்கள் ஒரு களிமண் உருண்டையில் நான்கு ஈர்க்குச்சிகளைச் செருகி, முனைகளில் குங்குமம், மஞ்சள், திருநீறு, கரி தடவிய சிறு உருண்டைகளை வைத்துக்கொள்ளலாம். என் வகுப்பில் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறேன். கரித்துண்டைப் பின்னால் பிடித்துக் குங்குமம், மஞ்சள், திருநீறு என்று எண்ணியவர்கள் பிறகு குழம்புவதில்லை.

நான் எல்லா அணு எண்ணையும் கூட்டிப் பார்த்தேன், விடை தப்பா வருது. ஏன்?

விதியில் கூட்டல் எங்குமே இல்லை. ஒவ்வொரு கார்பனோடும் பிணைந்த மூன்று அணுக்களையும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, முதலாவதோடு முதலாவதை ஒப்பிட்டு, வேறுபாடு தெரிந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். குளோரோமெத்தில் தொகுதியில் குளோரின், ஹைட்ரஜன், ஹைட்ரஜன். கார்பாக்சிலில் மூன்று ஆக்சிஜன்கள். கூட்டினால் முன்னது 19, பின்னது 24 என்பதால் கார்பாக்சில் வெல்வதாகத் தோன்றும். ஆனால் முதல் ஒப்பீட்டிலேயே 17-க்கும் 8-க்கும் இடையே தீர்ப்பு முடிந்துவிடுகிறது, முன்னுரிமை குளோரோமெத்திலுக்கே. அகராதியில் சொற்களை அடுக்குவதும் இப்படித்தான். முதலெழுத்து வேறுபட்டால் பின்னால் எத்தனை எழுத்துகள் இருந்தாலும் அவற்றை யாரும் பார்ப்பதில்லை.

ஹைட்ரஜன் முன்னாடி நீட்டிக்கிட்டு இருந்தா மனசுக்குள்ள திருப்ப முடியலை சார்.

திருப்ப வேண்டிய தேவையே இல்லை. ஹைட்ரஜன் நம்மை நோக்கி இருந்தால், அப்படியே வரிசையைப் படித்துவிட்டு விடையைத் தலைகீழாக்குங்கள்; ஆர் வந்தால் எஸ், எஸ் வந்தால் ஆர். ஹைட்ரஜன் தாளின் தளத்திலேயே கிடந்தால், அதையும் பின்னோக்கிய தொகுதியையும் இடம் மாற்றி எழுதிப் படித்து, அந்த விடையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கைரல் மையத்தில் எந்த இரண்டு தொகுதிகளை இடம் மாற்றினாலும் அமைப்பு எதிராகிவிடும், மீண்டும் ஒருமுறை மாற்றினால் பழையபடி ஆகிவிடும் என்பதே இதன் அடிப்படை.

கைரல் கார்பனைச் சிலுவைக் குறியாக வரையும் ஃபிஷர் படத்தில் செங்குத்துக் கோடுகள் நம்மைவிட்டு விலகியும் கிடைக்கோடுகள் நம்மை நோக்கியும் இருப்பதாகப் பொருள். ஆகவே ஹைட்ரஜன் கிடைக்கோட்டில் இருந்தால் விடையை மாற்ற வேண்டும், செங்குத்துக் கோட்டில் இருந்தால் மாற்ற வேண்டாம். இந்தப் படத்தைத் தாளின்மேல் 180 பாகை சுழற்றலாம். 90 பாகை சுழற்றினால் கிடை செங்குத்தாகி, எதிர் மாற்றியமே வந்துவிடும்.

ஆர்னா வலஞ்சுழி, எஸ்னா இடஞ்சுழிதானே?

இல்லை. இந்தப் பாடத்திலேயே மிகவும் பரவலான தவறு இதுதான். ஆர், எஸ் இரண்டும் நாம் வகுத்த விதியால் வரும் பெயர்கள்; தாளில் இருந்தபடியே கண்டுபிடிக்கலாம். வலஞ்சுழி (+), இடஞ்சுழி (−) என்பவை தளமுனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை, அந்தச் சேர்மம் எந்தப் பக்கம் திருப்புகிறது என்று போலாரிமீட்டரில் அளந்து தெரிந்துகொள்பவை. முன்பு பார்த்த எஸ்-லாக்டிக் அமிலம் வலஞ்சுழி. அதையே மெத்தில் எஸ்டராக மாற்றுங்கள். கைரல் கார்பனின் நான்கு பிணைப்புகளில் ஒன்றுகூட உடையவில்லை, பெயரும் எஸ் என்றே நிற்கிறது, ஆனால் எஸ்டர் இடஞ்சுழி. இனி மருந்துக்கடையில் கிடைக்கும் லீவோசெட்ரிசினைப் பாருங்கள். பெயரின் முன்னொட்டே இடஞ்சுழி என்கிறது, அதன் அமைப்போ ஆர்.

பெயர் என்பது நோக்கும் விதத்தைப் பொறுத்தது என்பதற்கு வலம்புரிச் சங்கு நல்ல சான்று. நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கை விலங்கியலார் இடப்புறம் சுருண்டது என்றே வகைப்படுத்துகிறார்கள். சங்கு ஒன்றுதான், இரு மரபுகளும் அதைப் பிடித்துப் பார்க்கும் விதம் வேறு. ஒரு சேர்மத்துக்கு ஆர் என்ற பெயரும் (−) என்ற குறியும் சேர்ந்து வருவதிலும் இதேபோல முரண் ஏதும் இல்லை.

அப்போ டி, எல்னு போடறது என்ன? அதுவும் எஸ்ஸும் ஒண்ணா?

டி, எல் இரண்டும் கிளிசரால்டிஹைடை அளவுகோலாக வைத்து எழுந்த பழைய முறை. சர்க்கரைகளுக்கும் அமினோ அமிலங்களுக்கும் இன்றும் அதையே பயன்படுத்துகிறோம். புரதங்களில் வழக்கமாக வரும் கைரல் அமினோ அமிலங்கள் அனைத்தும் எல். அவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை எஸ் என்பதால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் பிறக்கிறது.

அந்த ஒன்று சிஸ்டீன். அதன் பக்கச் சங்கிலியில் கந்தகம் இருக்கிறது. கூட்டக் கூடாது என்று மேலே சொன்ன விடையை நினைவுகூர்ந்தால், கந்தகம் தாங்கிய கார்பன் கார்பாக்சிலை முந்திவிடுவது தெரியும். வரிசை மாறுவதால் வடிவம் மாறாமலே எல்-சிஸ்டீன் ஆர் ஆகிவிடுகிறது. நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும் ஒருமுறை கையால் வரைந்து பார்ப்பதே மேல்.

ரெண்டு கைரல் கார்பன் இருந்தா நாலு மாற்றியம் வரணும். டார்டாரிக் அமிலத்துக்கு மட்டும் ஏன் மூணு?

நம் வீட்டு ரசத்தின் புளிப்புக்குக் காரணமான அமிலம் இது. புளியில் இருப்பது வலஞ்சுழி டார்டாரிக் அமிலம். அதன் அமைப்பு 2ஆர்,3ஆர். அதன் கண்ணாடிப் பிம்பம் 2எஸ்,3எஸ். இந்த இரண்டும் இனன்சியோமர்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத கண்ணாடிப் பிம்பங்கள். ஏறத்தாழ 170 டிகிரி என்ற ஒரே வெப்பநிலையில் உருகும், ஒளியை ஒரே அளவுக்கு எதிரெதிர்த் திசைகளில் திருப்பும். மிச்சமிருப்பவை 2ஆர்,3எஸ் என்பதும் 2எஸ்,3ஆர் என்பதும். இந்தச் சேர்மத்தின் இரு பாதிகளும் ஒன்றே போன்றவை என்பதால், ஒன்றை 180 பாகை சுழற்றினால் மற்றொன்று கிடைத்துவிடுகிறது. ஆகவே இரண்டும் ஒரே சேர்மம், மீசோ டார்டாரிக் அமிலம். அது முன்சொன்ன இரண்டுக்கும் டையாஸ்டீரியோமர். அதாவது புறவெளி மாற்றியம்தான், ஆனால் கண்ணாடிப் பிம்பம் அல்ல. அதனால் உருகுநிலையும் வேறு, ஏறத்தாழ 140 டிகிரி.

கைரல் மையங்களின் எண்ணிக்கை என் என்றால் இரண்டின் என்-ஆம் அடுக்கு என்ற கணக்கு, அதிகபட்ச எண்ணிக்கையை மட்டுமே தருகிறது. நான்கு மையங்களும் வெவ்வேறு சூழலில் உள்ள திறந்த சங்கிலிக் குளுக்கோஸின் வாய்பாட்டுக்கு 16 மாற்றியங்கள் முழுமையாக வரும். மூலக்கூறின் இரு முனைகளும் ஒன்றுபோல் இருந்தால் மீசோவைத் தேடிவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

மீசோவும் ஒளியைத் திருப்பாது, சுழிமாய்க் கலவையும் திருப்பாது. பிறகு என்ன வித்தியாசம்?

மீசோ என்பது ஒரே சேர்மம். ஒரு பாதியின் கைரல் தன்மையை மறுபாதி மூலக்கூறுக்குள்ளேயே ஈடுசெய்துவிடுகிறது. அதை எந்த முறையாலும் இரண்டாகப் பிரிக்க முடியாது. சுழிமாய்க் கலவை என்பது இரண்டு இனன்சியோமர்கள் சம அளவில் கலந்தது. அங்கே ஈடுசெய்தல் வெவ்வேறு மூலக்கூறுகளுக்கு இடையே நடப்பதால், தகுந்த வழி கிடைத்தால் பிரித்துவிடலாம்.

அப்படிப் பிரித்துக் காட்டியவர் லூயி பாஸ்டர். 1848-இல் சோடியம் அம்மோனியம் டார்டரேட்டின் படிகங்களில் இருவகை இருப்பதையும், அவை ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருப்பதையும் கண்டு, அவற்றைக் கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். ஒரு குவியலின் கரைசல் ஒளியை வலப்புறமும் மற்றதன் கரைசல் இடப்புறமும் திருப்பின. இந்த உப்பு ஏறத்தாழ 27 டிகிரிக்கு மேல் இருவகைப் படிகங்களாகப் பிரியாமல் ஒரே கலப்புப் படிகமாகவே விழும். குளிரூட்டப்படாத ஆய்வகத்தில், சென்னையின் மே மாத வெயிலில் இதே சோதனையைச் செய்திருந்தால் அவருக்குப் பிரித்தெடுக்க எதுவும் கிடைத்திருக்காது. அறையின் வெப்பநிலை இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கு வழிவிட்டிருக்கிறது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைந்ததில்லை.

சிஸ், டிரான்ஸ் தெரிஞ்சா போதாதா? இ, இசட் எதுக்கு?

இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களிலும் ஒவ்வொரு ஹைட்ரஜன் இருக்கும்வரை சிஸ், டிரான்ஸ் போதும். கடலை எண்ணெயில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் சிஸ். அதன் டிரான்ஸ் மாற்றியமான எலைடிக் அமிலம் ஏறத்தாழ 45 டிகிரி வரை திண்மமாக இருக்கும், ஒலியிக் அமிலமோ ஏறத்தாழ 14 டிகிரியிலேயே உருகிவிடும். வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு என்று நாம் கேள்விப்படுவது இந்த வகையையே. எண்ணெய், கொழுப்புகளில் அது 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2022 முதல் நடப்பில் உள்ளது.

இரட்டைப் பிணைப்பைச் சுற்றி மூன்று, நான்கு வெவ்வேறு தொகுதிகள் வந்துவிட்டால், எதனோடு எதை ஒப்பிட்டு ஒரே பக்கம் என்பது என்ற கேள்வி எழும். அப்போது ஒவ்வொரு கார்பனிலும் உள்ள இரு தொகுதிகளில் முன்னுரிமை பெற்றதை, ஆர், எஸ்ஸுக்குச் சொன்ன அதே விதியால் தேர்ந்தெடுங்கள். அவ்விரண்டும் ஒரே பக்கம் இருந்தால் இசட், எதிர்ப்பக்கங்களில் இருந்தால் இ. இவை ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள் என்றாலும், 'எதிர்' என்ற நம் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் அதுவும் இ என்ற எழுத்திலேயே தொடங்குவது நமக்கு வசதி.

சிஸ் எல்லாம் இசட் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். 2-குளோரோபியூட்-2-ஈனில் இரு மெத்தில்களும் ஒரே பக்கம் இருந்தால் முதன்மைச் சங்கிலியின்படி அது சிஸ். ஆனால் இரண்டாம் கார்பனில் முன்னுரிமை குளோரினுக்கு. அது அடுத்த கார்பனின் மெத்திலுக்கு எதிர்ப்பக்கம் இருப்பதால் சேர்மத்தின் பெயர் இ.

ஈத்தேனைச் சுழற்றினாலும் வேற வேற வடிவம் வருதே, அதுக்கு ஏன் பெயர் இல்லை?

அவற்றுக்கு வச அமைப்புகள் என்று பெயர் உண்டு. ஆனால் ஒற்றைப் பிணைப்பைச் சுற்றிச் சுழல ஈத்தேனுக்கு மோலுக்கு ஏறத்தாழ 12 கிலோ ஜூல் போதும் என்பதால், அறை வெப்பநிலையில் அவை ஓயாமல் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டிருக்கும். தனித்தனிப் புட்டிகளில் அடைக்க முடியாது. ஆர், எஸ், இ, இசட் எல்லாம் பிணைப்பை உடைக்காமல் மாற்ற முடியாத அமைப்புகளுக்குத் தரும் பெயர்கள்.

கைரல் கார்பனே இல்லாம ஒரு மூலக்கூறு கைரலா இருக்க முடியுமா?

முடியும். பென்டா-2,3-டையீன் என்ற அல்லீனில் அடுத்தடுத்து இரு இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. அவற்றால், ஒரு முனையின் தொகுதிகள் கிடக்கும் தளம் மறுமுனையின் தளத்துக்குச் செங்குத்தாகிவிடுகிறது. மூலக்கூறு முழுவதும் முறுக்கிய கயிறுபோல் ஆவதால் பிம்பத்தோடு பொருந்தாது. இத்தகைய அல்லீன்கள் கைரலாக இருக்கும் என்று வான்ட் ஹாஃப் 1875-இலேயே சொல்லிவிட்டார். சோதனையில் மெய்ப்பிக்க 1935 வரை ஆயிற்று. இரு பென்சீன் வளையங்கள் ஒற்றைப் பிணைப்பால் இணைந்த பைஃபினைல்களில், பருமனான தொகுதிகளால் சுழல முடியாமல் போனவையும் இப்படிக் கைரலாக இருக்கலாம்.

எதிர்ப்பக்கத்து எடுத்துக்காட்டு கிளைசின். அதன் நடுக்கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்கள் இருப்பதால், புரதங்களில் வரும் அமினோ அமிலங்களில் அது மட்டும் கைரல் அல்ல. கிண்டியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி 1963-இல் வெளியிட்ட, புரதச் சங்கிலியின் பிணைப்புகள் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் இராமச்சந்திரன் வரைபடத்தில் இதன் விளைவைக் கண்ணாலேயே காணலாம். எல் அமினோ அமிலங்களுக்கு அனுமதிக்கப்பட்ட பகுதிகள் பெரும்பாலும் இடப்பாதியில் ஒதுங்கியிருக்க, கிளைசினுக்கு மட்டும் வரைபடத்தின் மையத்தைச் சுற்றி இருபுறமும் சமச்சீராகப் பரவியிருக்கும். ஒரு கார்பன் கைரலா இல்லையா என்பது புரதச் சங்கிலி எப்படி மடியலாம் என்பதையே தீர்மானிக்கிறது.

மூணு வெவ்வேறு தொகுதி இருக்கிற அமீன்ல நைட்ரஜன் கைரல்தானே? ஏன் பெயர் கேட்கறதில்லை?

தனித்த எலக்ட்ரான் இணையை நான்காவது தொகுதியாகக் கொண்டால் வடிவத்தில் கைரல்தான். ஆனால் காற்றில் மடங்கிய குடைபோல் நைட்ரஜன் நொடிப்பொழுதில் புரண்டு எதிர் அமைப்பாகிவிடுகிறது. நான்கு தொகுதிகள் பிணைந்த அம்மோனியம் உப்பில் இந்தப் புரளல் நடக்காது. அங்கே ஆர், எஸ் கேட்பார்கள்.

தாலிடோமைடுல ஒரு மாற்றியம் நல்லது, இன்னொண்ணு கெட்டதுன்னா நல்லதை மட்டும் கொடுத்திருக்கலாமே?

மேற்கு ஜெர்மனியில் 1957-இல் விற்பனைக்கு வந்து, கருவிலிருந்த குழந்தைகளின் கைகால் வளர்ச்சியைக் கெடுத்ததால் 1961-இல் திரும்பப் பெறப்பட்ட மருந்து அது. சுழிமாய்க் கலவையாக விற்கப்பட்டது. உருக்குலைவுக்கு எஸ் வடிவம் காரணம் என்று பாடநூல்கள் சொல்வதோடு நிறுத்திவிடுவதால் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. தாலிடோமைடின் கைரல் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் ஒரு கார்பனைலுக்கு அடுத்திருப்பதால் உடலின் நீர்ச்சூழலில் எளிதில் கழன்று மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது எந்தப் பக்கமும் ஒட்டலாம். ஆகவே தூய ஆர் வடிவத்தையே விழுங்கியிருந்தாலும் சில மணி நேரத்தில் இரத்தத்தில் இரண்டும் இருந்திருக்கும்.

லீவோசெட்ரிசினின் கைரல் கார்பனுக்கு அடுத்து அப்படி ஒரு கார்பனைல் இல்லை. அது உடலில் தன் அமைப்பை மாற்றிக்கொள்வதில்லை. அதனால்தான் சுழிமாய்க் கலவையான செட்ரிசினில் 10 மில்லிகிராம் தரும் இடத்தில் இதில் 5 மில்லிகிராம் போதுமாகிறது. ஒரு மருந்தின் பெயரில் ஆர் அல்லது எஸ் என்று கண்டால், அந்தக் கைரல் கார்பனில் ஹைட்ரஜன் உண்டா, அதற்குப் பக்கத்தில் கார்பனைல் உண்டா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.